சோறுதான் சார்

எங்கள் பக்கத்தில் நாய்க்கென்று யாரும் தனியாக உலை வைப்பதில்லை. உத்திரமேரூரைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இதுதான் நடப்பு. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் என்ன மிஞ்சியதோ அது நாய்க்கு. சாம்பார் சோறு, காரக்குழம்பு ஒட்டிய சோறு, ஞாயிற்றுக்கிழமையானால் எலும்பும் வெங்காயமுமாகக் கறிக்குழம்பின் அடி, விசேஷம் என்றால் பாயசம். பழைய அலுமினியத் தட்டில் கொட்டிவிட்டு ஒரு குரல் கொடுத்தால் எங்கிருந்தாலும் ஓடி வரும். என் அப்பா அப்படித்தான் வளர்த்தார், நானும் அப்படித்தான் வளர்த்தேன். "நாய் வயிறு, எதைப் போட்டாலும் செரிச்சுடும்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அந்த எண்ணத்தால் நேர்ந்ததை மட்டும் எழுதுவதானால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். நான் செய்தது அதோடு நிற்கவில்லை. கேட்டபோது தெரிந்ததைச் சொல்லாமல் மறைத்தேன். அந்தப் பொய்யின் பழியை இன்னொருவர் சுமக்கும்படி விட்டேன். தவறு எனக்குப் புரிந்த பிறகும் வெகுநாள் வாய் திறக்கவில்லை.

செவலை எங்கள் வீட்டுக்கு வந்தது என் இளைய மகளின் புத்தகப் பையில். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஏரிக்கரையில் கத்திக்கொண்டு கிடந்த குட்டி அது. செம்மண் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று. வளர்ந்தபோது 15 கிலோ இருக்கும். கழனிக்குப் போனால் என் முன்னால் போகும், திரும்பும்போது பின்னால் வரும். பழம் என்றால் அதற்கு உயிர். கொல்லையில் கொய்யா விழும் சத்தம் கேட்டால் போதும், அணில் வருமுன் அது போய்விடும். வேர்க்கடலை பிடுங்கும் காலத்தில் கூலியாட்களோடு கூட உட்கார்ந்து, செடியிலிருந்து தானே கடித்து இழுத்து, தோலை உடைத்துப் பருப்பை மட்டும் தின்னும். அதைப் பார்க்கவே பக்கத்துக் கழனியிலிருந்து ஆட்கள் வருவார்கள். எனக்கு அதில் பெருமை.

என் மூத்த மகளின் நிச்சயதார்த்தம் மாசி மாதம் நடந்தது. அந்தப் பருவத்தில் மகாராஷ்டிரத்திலிருந்து விதையில்லாப் பச்சைத் திராட்சை வந்து இறங்கி, பேருந்து நிலையத் தள்ளுவண்டிகளிலெல்லாம் குவிந்து கிடக்கும். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த வரிசைத் தட்டுகளிலும் அதுதான் நிறைய. மறுநாள் காலையில் பார்த்தால் கொத்துகளிலிருந்து பழம் தானாக உதிர்ந்துகொண்டிருந்தது. இளையவள் அன்று விடியற்காலையே கல்லூரி விடுதிக்குப் பேருந்து ஏறிவிட்டாள். உறவுக்காரப் பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு வேடிக்கை காட்டுவதற்காகத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாகச் செவலைக்கு வீசினேன். அது முன்னங்கால்களைத் தூக்கி, பழம் தரையில் விழுமுன் வாயில் பிடித்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. பிள்ளைகள் கைதட்டக் கைதட்ட நான் அடுத்த கொத்தை எடுத்தேன்.

என் மனைவி உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். "வரிசைப் பழத்தப் போயி நாய்க்குப் போடறீங்களே, அவங்க காதுல வுழுந்தா என்ன நெனப்பாங்க?" என்றாள். சரி என்று நிறுத்தினேன். நிறுத்தியபோது தட்டு காலியாகத்தான் இருந்தது. அன்று இரவு, மிஞ்சிய கேசரியையும் அதன் தட்டில் வழித்துப் போட்டேன். அந்தக் கேசரியில் முந்திரியைவிட உலர் திராட்சை அதிகம்.

விடியற்காலையில் கொட்டகையோரம் வாந்தி எடுத்திருந்தது. தோல் தோலாக, சில பழங்கள் உருக்குலையாமல் அப்படியே. அதன்மேல் சாம்பலைத் தூவி, என் கையாலேயே மண்வெட்டியில் அள்ளி எருக்குழியில் கொட்டினேன். வீட்டில் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். அது என்ன தின்றது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேறில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மத்தியானத்துக்குள் இன்னும் சில தடவை எடுத்தது. பிறகு எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் வால் மட்டும் அசைந்தது.

அன்றைக்குக் கல்யாண மண்டபம் பார்ப்பதற்காக மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்திருந்தார். செவலை படுத்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டியிலயே தூக்கிட்டுப் போயிடலாம், வாங்க" என்று அவரே சொன்னார். அவருடைய டாடா ஏஸ் வண்டியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். மேசைமேல் கிடத்தியபோது அதன் முதுகைத் தடவிக்கொண்டு என் பக்கத்திலேயே அவர் நின்றார்.

மருத்துவர் ஈறைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "என்ன சாப்பிட்டுச்சு? விசேஷ வீடுன்னு சொல்றீங்க. பாயசம், கேசரி, பழம், கறி, புதுசா ஏதாவது குடுத்தீங்களா?"

பழம் என்று வாய்விட்டே கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் நின்றவர் அந்தப் பழத்தட்டைத் தன் கையால் தூக்கி வந்தவர். சம்பந்தி வீட்டு வரிசையை நாய்க்கு வாரி இறைத்தான் என்ற பேச்சு அந்த வீட்டுக்குப் போனால், நாளைக்கு என் மகள் அங்கே போய் வாழ வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது ஒரு நொடி இருக்குமா என்று தெரியவில்லை.

"இல்ல சார். வழக்கம்போல சோறுதான் சார்."

அவர் என்னை நம்பினார். வாந்தி நிற்க ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். மறுநாளும் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் குடிக்கிறதா, மூத்திரம் போகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் அது தண்ணீர்ச் சட்டியருகே தலையை வைத்துப் படுத்திருந்தது, குடிக்கவில்லை. மூத்திரம் போகவில்லை. வாயிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. தொழுவத்தில் மாட்டு மூத்திரம் தேங்கிய இடத்தில் வருமே, அந்த நெடி. மருத்துவர் மறுபடியும் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சிறுநீரகம் வேலை செய்யல. சும்மா சோத்துக்கு இப்படி ஆகாது." அன்றைக்கு என் பக்கத்தில் சம்பந்தி வீட்டார் யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். முதல் நாள் சொன்னது பயத்தில் வந்த பொய். இரண்டாம் நாள் சொன்னது யோசித்துச் சொன்ன பொய். "சோறுதான் சார்" என்று அதையே திரும்பச் சொன்னேன்.

"அப்படின்னா எங்கயாவது விஷம் தின்னிருக்கலாம். எலி மருந்து, பூச்சி மருந்து, யாராவது வெச்சிருந்தாலும் வெச்சிருக்கலாம்" என்றார். நான் சொன்னதை வைத்துக்கொண்டு அவர் வேறு எந்த முடிவுக்கும் வந்திருக்க முடியாது. அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

செவலை அன்று இரவு செத்தது.

இளைய மகள் விடுதியிலிருந்து ஓடி வந்தாள். யாராவது மருந்து வைத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை அதற்குள் யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். உறவில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறேன், என் பிள்ளைகளுக்கு அவர் தாத்தா. செவலை ஒருதரம் அவருடைய கோழியைக் கவ்விவிட்டது. அந்தக் கோபத்தில், "இன்னொரு தடவ எங்க வாசல்ல பார்த்தேன், மருந்து வெச்சுடுவேன்" என்று தெருவே கேட்கக் கத்தியிருந்தார். கோபம் அடங்கியதும் அதே செவலைக்கு மீன் முள் போட்டவரும் அவர்தான். ஆனால் அந்த வார்த்தை ஊர் நினைவில் இருந்தது.

மகள் நேரே அவர் வாசலுக்குப் போனாள். "நீங்கதானே தாத்தா மருந்து வெச்சீங்க? வாயில்லா ஜீவன்மேல அப்படி என்ன ஆத்திரம்?" என்று அழுதுகொண்டே கேட்டாள். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர் திண்ணையிலிருந்து எழுந்து நின்று, "நான் வெக்கலம்மா. சத்தியமா நான் வெக்கலம்மா" என்றார். அவர் கண் என் பக்கம் வந்தது. நான் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வந்து அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். கூட்டிப் போகும்போதுகூட, அவர் இல்லை என்று சொல்லவில்லை. என் மனைவிக்குத் திராட்சை விஷயம் தெரியும். என் முகத்தைப் பார்த்து அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். தெருவில் வேறொரு நாய் நோயில் விழுந்தபோதும் பார்வை அவர் வீட்டுப் பக்கம்தான் போனது. என் மூத்த மகள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. என் அப்பா செத்தபோது பாடைக்கு மூங்கில் வெட்டியவர் அவர்.

திராட்சைதான் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் திராட்சை தின்றதும், வாந்தியில் திராட்சை வந்ததும், அதை நான் மறைத்ததும் எனக்குத் தெரியும். அவர் மருந்து வைத்தார் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை என்பதும் தெரியும்.

காரணம் தெரியவந்தது பிறகு ஒரு செப்டம்பரில். உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி எங்கள் ஊரில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். வீட்டில் அதற்குள் இன்னொரு குட்டி வந்திருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். ஊசி போட வந்த பெண் மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தார். நாய்க்கு என்னென்ன கொடுக்கக் கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னார். முதல் விரலே திராட்சைக்கு. "பச்சையோ கறுப்போ, காஞ்சதோ, எதுவுமே கூடாது. கிட்னி போயிடும்." என் கையில் குட்டி நெளிந்துகொண்டிருந்தது. வரிசை நகர்ந்தது தெரியாமல் நின்றேன், பின்னாலிருந்தவர் தோளைத் தொட்டார்.

அதன் பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். திராட்சை நாய்க்கு ஆகாது என்பது உலகத்துக்கே புதுச் செய்திதான். நச்சுப் பாதிப்புக்கு ஆளான விலங்குகளுக்கு ஆலோசனை சொல்ல அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. அமைப்பு நடத்தும் மையம் ஒன்று இருக்கிறது. திராட்சையும் உலர் திராட்சையும் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது என்று அங்குள்ள மருத்துவர்கள் 2001-ல் எழுதினார்கள். எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பது பிறகும் இருபது ஆண்டுகள் பிடிபடவில்லை. சமையலுக்குப் பயன்படும் ஒருவகை உப்பைக் கலந்து வீட்டில் செய்த விளையாட்டு மாவை ஒரு நாய் தின்றுவிட, அதற்கும் திராட்சை தின்ற நாய்க்கு வந்த கேடே வந்தது. அந்த உப்பு டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையில் நிறைய இருப்பதும் டார்டாரிக் அமிலம். அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள். மனித உடல் அதைச் சமாளித்துவிடுகிறது, நாயின் சிறுநீரகத்தால் முடியவில்லை.

எவ்வளவு தின்றால் ஆபத்து என்று வரையறுத்துச் சொல்ல முடியாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 கிராம் திராட்சைக்கே பாதிக்கப்பட்ட நாய்கள் உண்டு, உலர் திராட்சையானால் 3 கிராமே போதுமானதாக இருந்திருக்கிறது. செவலையின் எடைக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் திராட்சை என்று கணக்கு வரும். நான் வீசியது அதற்கும் மேல். பழத்துக்குப் பழம் அமிலத்தின் அளவு மாறுவதால் ஒரு நாய் தின்றுவிட்டு ஒன்றுமில்லாமல் திரியும், இன்னொன்று செத்துப்போகும். "எங்க வீட்டு நாய் தின்னுச்சே, ஒண்ணும் ஆவலியே" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுடைய நாய் தப்பித்தது, அவ்வளவுதான்.

டார்டாரிக் அமிலம் என்றதும் என் வீட்டு அடுப்படி ஞாபகத்துக்கு வந்தது. புளியின் புளிப்பே பெரும்பாலும் அந்த அமிலம்தான். புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களும் அந்த மருத்துவர்களின் பதிவில் இருக்கின்றன. திராட்சை எங்கள் வீட்டுக்கு விசேஷத்துக்கு வருகிற பொருள். புளி தினமும் கரைவது. சாம்பாரில், ரசத்தில், வத்தக்குழம்பில், கோயிலிலிருந்து வரும் புளியோதரையில் எல்லாவற்றிலும் அது உண்டு. மாசி, பங்குனியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு புளி உலுக்கிக் கொண்டுவந்து, ஓடு தட்டி, கொட்டை எடுத்துக் களத்தில் காயவைப்பார்கள், நாய் அதன் பக்கத்திலேயே படுத்திருக்கும். சாம்பாரில் கரைந்த கொஞ்சம் புளியால் காலம்காலமாக நாய்கள் செத்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் எங்கள் ஊரில் நாய் செத்தால் எதனால் என்று யாரும் கேட்பதில்லை. குழி தோண்டிப் புதைத்துவிட்டு அடுத்த குட்டியைத் தேடுவோம். நாலு வயதில் செத்ததா, பதினாலு வயதில் செத்ததா என்றுகூட நினைவிருப்பதில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியாகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

வெங்காயம் இன்னும் பழைய கதை. அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம் எதுவானாலும் அப்படித்தான், பூண்டு அதைவிடக் கடுமை. வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் போனால் ரத்தத்தில் பாதிப்பு தெரியும். செவலை அளவு நாய்க்கு இரண்டு மூன்று பெரிய வெங்காயம். பிரியாணி அண்டாவின் அடியில் அதைவிட அதிகம் கிடக்கும். தின்ற அன்றே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் மோசம். சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும், ஓடுகிற நாய் நாலடி வைத்ததும் மூச்சிரைக்கும். அதற்குள் கல்யாண வீட்டுப் பிரியாணி எல்லாருக்கும் மறந்துபோயிருக்கும்.

செவலை தின்ற வேர்க்கடலையில் தவறில்லை. புதிதாகப் பிடுங்கியது, கொஞ்சம்தான் தின்றது. ஆனால் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கடலையை விற்க முடியாது என்று நாய்க்கும் கோழிக்கும் இறைப்போம். அதில் உண்டாகும் அஃப்லடாக்சின் நாயின் ஈரலைக் கெடுக்கும். அதையும் நான் செய்திருக்கிறேன். சீத்தாப்பழத்தின் விதை விஷம். மாங்கொட்டையும் சோளக் கதிரின் சக்கையும் குடலில் அடைத்துக்கொள்ளும். பச்சை ஓடிய, முளைவிட்ட உருளைக்கிழங்கும் வேகாத மரவள்ளியும் ஆகாது. இவ்வளவையும் ஒரே நாளில் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய, நான் எதையெதைச் செவலையின் தட்டில் போட்டேன் என்று பின்னோக்கி நினைத்துப் பார்ப்பேன். ஏறக்குறைய எல்லாவற்றையும் போட்டிருக்கிறேன்.

தெரிந்த பிறகாவது உடனே பக்கத்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இத்தனை நாள் கழித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு நாள், கல்யாணமாகிப் போன பெண்ணுக்குச் சங்கடம் என்று இன்னொரு நாள், அறுவடை முடியட்டும் என்று வேறொரு நாள். என் மகளே ஒருமுறை விடுதியிலிருந்து பேசும்போது, "அப்பா, திராட்சை நாய்க்கு விஷமாம்பா. அன்னிக்கு வரிசைத் தட்டுல இருந்துச்சே, அது எதுவும் தின்னுடலையே?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். மருத்துவரிடம் சொன்ன இரண்டு பொய்களைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. காரணம் முழுக்கத் தெரிந்தே சொன்னது இது.

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுவது என் வழக்கம். நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டிப் போனேன். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவனுடைய உறவினர்களும் நிற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒருவன் மறைத்தால் அவன் குடும்பத்துக்கே அந்தக் கறை சேரும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் என் ஊர்க்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது என் குரல் எப்போதும் உயரும். போன பொங்கல் விடுமுறையில் வந்த ஒரு குடும்பத்துக்கு அந்த இடத்தைச் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அடுத்த சுவருக்கு நகர்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். நெடுநாள் கழித்து அந்தத் திண்ணையில் உட்கார்ந்தேன். திராட்சை, கேசரி, வாந்தி, மருத்துவர் கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் இடைமறிக்கவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒன்றுதான் கேட்டார்: "உம் பொண்ணு என்னக் கேட்டப்ப நீ வாசல்லதானே நின்ன?"

ஆமாம் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்றுவரை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

மகளிடம் நேரில் சொன்னேன். அவள் செவலைக்காக அழவில்லை, "தாத்தாவ நடுத்தெருவுல நிக்க வெச்சுட்டேனே" என்று அழுதாள். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமனிடமும் சொன்னேன். "பழம் நாய்க்குப் போட்டதுக்கா மறைச்சீங்க? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே வேப்பேரிக்கே வண்டிய விட்டிருப்பனே" என்றார். எந்த அவமானத்துக்குப் பயந்து ஒரு உயிரை விட்டேனோ அந்த அவமானம் அவர் மனதில் இருந்ததே இல்லை. கால்நடை மருத்துவரையும் போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. முதல் நாளே தெரிந்திருந்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்கென்றே இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் நரம்பில் திரவம் ஏற்றியிருப்பேன், ரத்தம் எடுத்து அளவு பார்த்திருப்பேன், சென்னை வேப்பேரிக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன் என்றார். தின்ற சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் வாந்தி எடுக்கவைத்தே வெளியேற்றியிருக்கலாமாம். பிழைத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்தது என்றார்.

இப்போது வீட்டில் இருக்கும் குட்டிக்கு நானே சோறு எடுக்கிறேன். சாம்பாருக்குப் பருப்பும் பரங்கிக்காயும் வெந்ததும், புளி கரைத்து ஊற்றுமுன், வெங்காயம் தாளிக்குமுன், உப்பும் மிளகாயும் சேருமுன் ஒரு கரண்டி தனியாக எடுத்து ஆறவைத்துச் சோற்றில் பிசைகிறேன். முட்டையோ எலும்பு நீக்கிய கறியோ கொஞ்சம். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு பல மடங்கு கூடுதல் என்று 2013-ல் கண்டறிந்திருக்கிறார்கள், அதனால் நம் வீட்டுச் சோறு அதற்கு ஒத்துக்கொள்ளும். சோற்றின்மேல் என்ன ஊற்றுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். கேரட், பீன்ஸ், வெள்ளரிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். வாழைப்பழம், கொய்யா, விதை நீக்கிய தர்பூசணி, தோலும் விதையும் எடுத்த பப்பாளி, கொட்டையில்லாத மாம்பழச் சதை, விதை எடுத்த ஆப்பிள் ஆகியவற்றில் ஒன்றிரண்டு துண்டு. பழம் ஆசைக்குத்தான், அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

உங்கள் நாய் எதைத் தின்று விழுந்தாலும், கொடுத்தது நீங்களே ஆனாலும், மருத்துவர் கேட்டவுடன் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் யார் நின்றாலும் சொல்லுங்கள். வாந்தியை அள்ளிக் கொட்டாமல் ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு தின்றது என்பதையும் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. செவலைக்கு யாரும் மருந்து வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்று தெருவில் நின்று சொன்னது அத்தனையும் உண்மை. டீக்கடையில் இனி அந்தப் பேச்சு வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.